பதம் யாருடைய கூற்று? சென்னை மேடையில் சிருங்காரப் பாடல்களின் பொருள் மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ், தெலுங்கு மொழிகளில் அமைந்த பதங்களும் ஜாவளிகளும் காதலைப் பொருளாகக் கொண்டவை. அரசவையிலும் கோயில் சார்ந்த மகளிர் இல்லங்களிலும் வழங்கிவந்த இப்பாடல்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் ஆகிய பகுதிகளின் சபா மேடைகளுக்கு இடம்பெயர்ந்தன. இவ்விடப்பெயர்ச்சியில் சொற்கள் பெரிதும் மாறவில்லை. அவற்றுக்குக் கூறப்படும் பொருளே மாறியது. காதற்பாடலின் நாயகி சீவான்மா, நாயகன் பரமான்மா என்னும் விளக்கம் நிலைபெற்றது. அவ்விளக்கம் எந்த அளவுக்கு மரபில் வேரூன்றியது, எந்த இடத்தில் பாடல்களின் பொருளைக் குறுக்கியது என்பதை அகப்பொருள் மரபின் 'கூற்று' என்னும் கருத்தைத் துணைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: பதம், ஜாவளி, சிருங்காரம், கூற்று, தனம்மாள் மரபு, பாலசரசுவதி, ருக்மிணி தேவி

முன்னுரை

ஒரு காதற்பாடலின் பொருள் அதன் சொற்களில் மட்டும் அடங்கிவிடுவதில்லை. யார் பாடுகிறார், யாரை நோக்கிப் பாடுகிறார், எந்த அவையில் பாடுகிறார் என்பனவும் பொருளை வரையறுக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பலரால் பாடப்பட்டு நிலைபெற்ற பாடல்களுக்கு இது மேலும் பொருந்தும். அமெரிக்க ஜாஸ் இசையில் இவ்வாறு நிலைபெற்ற காதற்பாடல்கள் ஒரு தனித்தொகுதியாகவே கருதப்படுகின்றன. தென்னிந்திய இசையிலும் ஆடலிலும் அத்தகைய இடத்தை வகிப்பவை பதங்களும் ஜாவளிகளும் ஆகும். மெட்டும் சொல்லும் அறிந்தவையே. பாடுபவர் அல்லது ஆடுபவர் ஒரே அடியை எடுத்து ஒவ்வொரு முறையும் புதிய உள்ளுணர்வோடு விரிப்பதிலேயே அவற்றின் உயிர் உள்ளது.

பதங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொண்டுள்ளனர். பதங்கள் தொடக்கம் முதலே பக்திப் பாடல்கள், அவற்றின் காதல் வெறும் உருவகம் என்பது ஒன்று. பக்தி விளக்கம் இருபதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் புறத்தேயிருந்து ஏற்றியது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பாதி உண்மைகளே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பதங்களின் பின்புலம்

தெலுங்குப் பதங்களுள் தலைமையானவை பதினேழாம் நூற்றாண்டினரான க்ஷேத்ரய்யாவின் பாடல்கள். 'முவ்வகோபால' என்னும் முத்திரையை உடைய இவர், மதுரைத் திருமலை நாயக்கர், தஞ்சை விசயராகவ நாயக்கர், கோல்கொண்டா அவை ஆகியவற்றோடு தொடர்புடையவர். தஞ்சை நாயக்கர் அவை தெலுங்குச் சிருங்கார இலக்கியத்தின் பெருங்களமாக விளங்கியமையால், இப்பதங்கள் காவிரிக்கரை மகளிர் மரபில் வேரூன்றின. தமிழில் சீர்காழி முத்துத்தாண்டவர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் தில்லைக் கூத்தனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு பதங்கள் இயற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கனம் கிருஷ்ணையரும் வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையரும் தமிழ்ப் பதத்தை வளர்த்தனர். அதே நூற்றாண்டில் விரைந்த நடையும் எளிய சொல்லாட்சியும் கொண்ட ஜாவளி பெருகியது. தருமபுரி சுப்பராயர் அதில் புகழ்பெற்றவர்.

பதத்தின் அமைப்பு பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பதாகும். நடை பெரும்பாலும் விளம்ப காலம். க்ஷேத்ரய்யா பதங்கள் பலவற்றை அனுபல்லவியிலிருந்து தொடங்கிப் பாடும் வழக்கமும் உண்டு. இந்த மெதுநடையும் மீண்டும் மீண்டும் வரும் அடிகளும் அபிநயத்துக்கு இடம் தருகின்றன. 'வந்தார்' என்னும் ஒரு சொல் மகிழ்ச்சியாகவும், ஐயமாகவும், எள்ளலாகவும், காலம் கடந்த வருகையின் வெறுப்பாகவும் ஒலிக்க இயலும். எழுதப்பட்ட பாடல் ஒன்றே. நிகழ்த்தப்படும் பொருள்கள் பல.

அகமரபும் கூற்றும்

பதத்தில் பேசுவோர் மூவர்: நாயகி, சகி, நாயகன். இவர்களுள் நாயகியின் குரலே மிகுதி. சகி தூது செல்கிறாள். நாயகன் வேறொருத்தியிடம் சென்று மீள்கிறான். நாயகி வாயில் அடைக்கிறாள். வடமொழி அணியிலக்கணம் இவளைக் கண்டிதை என்னும். தமிழ் அகப்பொருள் இலக்கணத்தை அறிந்தோர்க்கு இது மருதத்திணையின் பரத்தையிற் பிரிவும், ஊடலும், வாயில் மறுத்தலும் என்பது உடனே விளங்கும்.

சங்க அகப்பாடல்கள் ஒவ்வொன்றுக்கும் 'இன்னார் இன்னாரிடம் இன்ன சூழலில் கூறியது' என்னும் துறைக்குறிப்பு பின்னாளில் சேர்க்கப்பட்டது. அக்குறிப்பு இல்லையேல் பல பாடல்கள் வேறு பொருள் தரும். தலைவி மட்டுமன்றிப் பரத்தையும் தன் குரலில் பேசுகிறாள். குறுந்தொகையின் 8ஆம் பாடல் காதற்பரத்தையின் கூற்றாகவே கொள்ளப்படுகிறது. எனவே மணந்த தலைவியல்லாத ஒரு பெண்ணின் ஆசையும் சினமும் தன்மதிப்பும் தமிழ்க் கவிதைக்குப் புதியவை அல்ல.

அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பக்தி இலக்கியம் அவ்விதியைத் திறந்தது. நம்மாழ்வார் பெண்குரலில் திருமாலை விழைகிறார். திருக்கோவையார் அகத்துறைகளைத் தில்லையோடு இணைக்கிறது. பெயரற்ற தலைவன் இருந்த சூழலில் இறைவனின் பெயர் புகுந்தது. பதம் இந்த இரண்டாம் மரபின் வாரிசு. ஆகவே பதத்தில் பக்திப்பொருள் காண்பது முற்றிலும் பின்னாளைய கற்பனை அன்று.

ஆயினும் பதத்தின் தலைவன் எப்போதும் இறைவன் அல்லன். உடையார்பாளையம் அவையோடு தொடர்புடைய கனம் கிருஷ்ணையர், தம்மை ஆதரித்த சமீன்தாரைத் தலைவனாக வைத்தும் பதங்கள் இயற்றினார். உ.வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் இவரிடம் இசை பயின்றவர். சாமிநாதையர் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தனிநூலாகவே எழுதினார். ஒரே புலவர், ஒரே இலக்கண அமைப்பில், ஒரு பதத்தில் இறைவனையும் மற்றொன்றில் சமீன்தாரையும் தலைவனாக்குகிறார். பின்னதில் சீவான்ம-பரமான்ம விளக்கம் செல்லாது. க்ஷேத்ரய்யா பதங்கள் சிலவற்றிலோ நாயகி பொருள் பெற்றுக் காதல் செய்யும் சாமானியை. கோபாலனிடமே அவள் விலை பேசுகிறாள். இங்கே இறைவனும் பெண்ணும் உருவகமாக விலகி நிற்கவில்லை. விலைமகளிர் வாழ்வின் நடைமுறைக்குள் இறைவன் இழுத்துவரப்படுகிறான். இப்பதங்களின் நகையும் துணிவும் அதனாலேயே பிறக்கின்றன.

தனம்மாள் இல்லம்

இப்பாடல்களைச் சென்னையில் காத்தோருள் முதன்மையானவர் வீணை தனம்மாள் (1867–1938). தஞ்சை மரபில் வந்த இவர் வாழ்ந்தது ஜார்ஜ் டவுனில். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவரது இல்லத்தில் நிகழ்ந்த வீணையிசையைக் கேட்க வித்துவான்களும் சுவைஞர்களும் கூடினர். பதங்கள் அம்மரபின் சிறப்புடைமை. ஜாவளி இயற்றிய தருமபுரி சுப்பராயரும் அவ்வில்லத்துக்கு நெருக்கமானவர். தனம்மாளின் பேத்தியர் தி. பிருந்தா (1912–1996), தி. முக்தா, ஆடற்கலைஞர் தி. பாலசரசுவதி (1918–1984) ஆகியோர் அம்மரபைத் தொடர்ந்தனர்.

அவ்வில்லத்தில் பதம் கற்பிக்கப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. பாடலின் பொருளுக்குத் தனி உரை வழங்குவதைவிட, கமகத்தின் வழியாகவும் சொல் ஒலிக்கும் விதத்தின் வழியாகவும் உணர்வு கைமாற்றப்பட்டது. பொருள் என்பது இசைக்குள் இருந்தது. அதைக் கற்பித்த மகளிர்க்கோ பாடலின் சூழல் அயலானதன்று; மணவாழ்வுக்கு வெளியே கலையும் காதலும் ஆதரவும் பின்னிய ஒரு சமூக வாழ்விலிருந்தே அவர்கள் பாடினர். பாடலின் நாயகியும் பாடும் பெண்ணும் ஒருவரே என்று கொள்வது பிழை. எனினும் நாயகியின் நிலையை வெட்கத்துக்குரியதாகக் கருதாத ஒரு குரல் அங்கே இருந்தது.

வடசென்னையிலிருந்து தென்சென்னைக்கு

இருபதாம் நூற்றாண்டில் நகரின் இசைக்களம் தெற்கே நகர்ந்தது. வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் வாழ்ந்த மயிலாப்பூரும், 1920களில் மாம்பலத்தில் உருவான தியாகராய நகரும் சபாக்களின் இருப்பிடங்களாயின. 1927ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி நிறுவப்பட்டது. அகாதெமி 1931இல் கல்யாணி மகளிர் எனப்பட்ட இரு சகோதரியரின் சதிர் நிகழ்ச்சியை நடத்தியது.

அதே காலத்தில் மறுபக்கம் வேறொரு வரலாறு நிகழ்ந்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலும் வெளியிலும் போராடினார். பெண் குழந்தைகளின் எதிர்காலத்தைப் பற்றிய உண்மையான கவலை அப்போராட்டத்தின் அடிப்படை. 1932இல் அவருக்கும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணையருக்கும் இடையே இதழ்களில் கடும் விவாதம் எழுந்தது. ஒழிக்கவேண்டியது வழக்கமே, கலையன்று என்றார் கிருஷ்ணையர். பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது.

சிருங்காரச் சொற்களே குற்றத்துக்கு உரியவையாகக் கருதப்பட்டமைக்கு முன்னரே ஒரு சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அவையைச் சார்ந்த முத்துப்பழனி இயற்றிய இராதிகா சாந்தவனம் என்னும் தெலுங்குக் காவியத்தைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று அந்நூல் அரசால் தடைசெய்யப்பட்டது. தடை 1947இல் நீங்கியது. பெண்ணொருத்தி எழுதி, பெண்ணொருத்தி பதிப்பித்த காதல் நூல் மறைக்கப்பட்ட அதே ஆண்டுகளில் பதங்களின் பொருளும் கேள்விக்குள்ளானதில் வியப்பில்லை.

அடையாறு: பொருளின் மறுவரையறை

அடையாற்றுப் பிரம்மஞான சபையில் வளர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986) மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ஆடல் பயின்று, 1935 டிசம்பரில் அச்சபை வளாகத்தில் முதன்முதலாக ஆடினார். 1936இல் நிறுவப்பட்ட நிறுவனமே பின்னர்க் கலாக்ஷேத்ராவாகப் புகழ்பெற்றது. உடை, மேடை ஒளி, இசைக்கருவியாளர் அமரும் இடம் ஆகியவற்றோடு பாடல் தேர்விலும் அவர் மாற்றம் செய்தார். உடல்சார்ந்த வேட்கையை வெளிப்படையாகக் கூறும் பதங்கள் விலக்கப்பட்டன. பக்தியை முன்னிறுத்தும் பாடல்கள் இடம்பெற்றன. சிருங்காரம் முழுவதையும் அவர் மறுத்தாரல்லர். அதன் உயர்ந்த வடிவம் பக்தி என்று கருதினார்.

நடுத்தர வகுப்புக் குடும்பங்கள் தம் மகளிரை ஆடல் பயில அனுப்புவதற்கு இவ்விளக்கம் வழிவகுத்தது என்பதை மறுக்க இயலாது. அவ்வழி திறவாதிருந்தால் கலையே குறுகியிருக்கக்கூடும். ஆனால் அதற்கொரு விலை இருந்தது. கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாள், ருக்மிணி தேவி, பாலசரசுவதி ஆகிய இருவருக்குமே அபிநயம் கற்பித்தவர். ஒரே ஆசிரியரிடமிருந்து பிறந்த இரு விளக்கங்களுள் ஒன்று நிறுவனமாயிற்று. மற்றொன்று ஒரு குடும்பத்தின் நினைவில் நின்றது.

பாலசரசுவதியின் மறுமொழி

பாலசரசுவதி இக்கருத்துக்கு ஆடலாலும் சொல்லாலும் மறுமொழி கூறினார். அவரது ஆடற்பள்ளி மியூசிக் அகாதெமியின் ஆதரவில் இயங்கியது. 1973இல் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. 1975 டிசம்பரில் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில் அவர் பரதநாட்டிய நிகழ்ச்சியின் வரிசையைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரவாயில், வர்ணம் வரையிலான உருப்படிகள் மண்டபங்கள் வழியே உள்ளே செல்லும் பயணம், பதமோ கருவறையை நெருங்கும்போது உண்டாகும் குளிர்ந்த அமைதி. சுவைகளுள் சிருங்காரமே தலையாயது என்றும், அதை ஒருவர் வந்து தூய்மைப்படுத்த வேண்டியதில்லை என்றும் அவ்வுரையில் அவர் நிறுவினார்.

இவ்வொப்புமையின் நுட்பம் எளிதில் தவறவிடப்படுவது. பாலசரசுவதி ஆன்மிகத்தை மறுக்கவில்லை. ஆன்மிகத்தை அடையக் காதலைக் கைவிடவேண்டும், அல்லது மறைக்கவேண்டும் என்பதையே மறுத்தார். பதத்தின் காதல் வேறொன்றின் குறியீடன்று. அக்காதலை முழுமையாக உணர்ந்து நிகழ்த்துவதே கருவறைக்குச் செல்லும் வழி. எனவே அவருக்கும் ருக்மிணி தேவிக்கும் இடையிலான வேறுபாடு பக்தியா காமமா என்பதன்று. பாடலின் சொற்பொருளைக் கடந்து செல்வதா, அதன் ஊடாகச் செல்வதா என்பதே வேறுபாடு.

அவ்வுரை தமிழ் இசைச் சங்கத்தில் நிகழ்ந்தமையும் பொருத்தமே. 1943இல் தோன்றிய அச்சங்கம், கேட்போர்க்குப் பொருள் விளங்கும் மொழியில் பாடல் அமையவேண்டும் என்னும் கோரிக்கையிலிருந்து பிறந்தது. தெலுங்குப் பதத்தைக் கேட்ட மயிலாப்பூர்ச் சுவைஞர் பலர்க்கு மொழியே ஒரு திரையாக நின்றது. சொற்பொருள் முழுதும் விளங்காமலே இசையைச் சுவைக்க முடிந்தது. தமிழ்ப் பதத்துக்கு அத்திரை இல்லை. அதில் நாயகியின் ஏக்கமும் ஏளனமும் நேராகவே செவியில் விழுந்தன. பொருள் விளங்கவேண்டும் என்னும் கோரிக்கையும், விளங்கும் பொருள் மேன்மையானதாக இருக்கவேண்டும் என்னும் கோரிக்கையும் பதத்தின்மீது ஒருசேர விழுந்தன.

கடல்கடந்த ஓர் ஒப்புமை

இந்தச் சிக்கல் சென்னைக்கு மட்டும் உரியதன்று. கோல் போர்ட்டர் இயற்றி 1930இல் நியூயார்க் பிராட்வே மேடையில் அரங்கேறிய 'லவ் ஃபார் சேல்' என்னும் பாடல், தன் காதலை விலைகூறும் ஒரு பெண்ணின் கூற்று. அதன் சொற்களை வானொலியில் ஒலிபரப்பத் தடை இருந்தது. மெட்டை மட்டும் இசைக்கத் தடையில்லை. மேடையில் முதலில் வெள்ளையினப் பாடகியர் பாடிய அப்பாடல், எதிர்ப்புக்குப் பின் கறுப்பினப் பாடகியான எலிசபெத் வெல்ச்சுக்கு மாற்றப்பட்டது. சொற்கள் மாறவில்லை, யார் வாயிலிருந்து வந்தால் அவை பொறுக்கப்படும் என்பதே மாறியது. பின்னர் பில்லி ஹாலிடே முதலியோர் பாடி அது ஜாஸ் இசையின் நிலைத்த பாடல்களுள் ஒன்றாயிற்று.

சென்னையில் நிகழ்ந்தது இதன் மறுதலை. அங்கே ஒடுக்கப்பட்ட இனத்துப் பெண்ணிடம் பாடல் தள்ளப்பட்டது. இங்கே விலக்கப்பட்ட குடும்பத்துப் பெண்களிடமிருந்து பாடல் எடுக்கப்பட்டது. இரண்டிலும் பாடலின் பொருள் பாடுபவரின் சமூக நிலையால் தீர்மானிக்கப்பட்டது. பாலசரசுவதியும் அவர் தம்பி தி. விசுவநாதனும் பின்னாளில் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது, பதங்கள் இவ்வுள்ளூர்த் தயக்கங்களின் சுமையில்லாத அவையைச் சந்தித்தன.

முடிவுரை

பதங்களின் பக்திப்பொருள் பொய்யன்று. அது ஆழ்வார் பாடல்களிலும் கோவை இலக்கியத்திலும் வேர்கொண்டது. ஆனால் அது ஒன்றே பொருள் என்று கொள்ளும்போது மூன்று இழப்புகள் நேர்கின்றன. புரவலரைப் பாடிய பதங்கள் விளக்கமின்றி நிற்கின்றன. பொருள் பெற்றுக் காதல் செய்யும் நாயகியின் குரல் மேடையிலிருந்து மறைகிறது. இப்பாடல்களைக் காத்துத் தந்த மகளிர், அவற்றின் பொருளைக் கூறும் உரிமையை இழக்கின்றனர்.

இதற்குத் தமிழ் மரபுக்குள்ளேயே ஒரு கருவி உண்டு. சங்கப்பாடலுக்குத் துறைக்குறிப்பு அமைந்ததுபோல், பதம் ஒவ்வொன்றுக்கும் யார் கூற்று, யாரை நோக்கியது, எச்சூழலில் எழுந்தது என்னும் குறிப்பை அமைத்துக் கற்பிக்கலாம். சுரதாளக் குறிப்போடு வெளிவரும் பதிப்புகள் இதனையும் சேர்த்துக்கொண்டால், தலைவியின் கூற்று தலைவியினுடையதாகவும் பரத்தையின் கூற்று பரத்தையினுடையதாகவும் நிற்கும். ஒவ்வொரு மார்கழியிலும் சென்னை மேடைகளில் இப்பதங்கள் ஒலிக்கின்றன. அவற்றில் பேசும் பெண் யார் என்று மாணவி ஒருத்தி கேட்கும்போது, 'அவள் ஆன்மா' என்பது ஒரு விடை. அவ்விடைக்கு முன்னர், அவள் ஒரு பெண் என்பதும் சொல்லப்படவேண்டும்.